ஹாலஜன்கள்: வரிசை உடையும் இடத்தில் நின்று படியுங்கள்

பிளஸ் டூ வேதியியலில் பி தொகுதித் தனிமங்கள் என்றதும் பலர் அடிக்கோடு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நிறம், கொதிநிலை, தயாரிப்பு, வினைகள் என்று எல்லாவற்றுக்கும் கோடு விழும். நான் தமிழ் வழியில் படித்து, கல்லூரியிலும் வேதியியலே எடுத்தவன். இப்போது மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் அடங்கிய ஹாலஜன்களைப் பொறுத்தவரை எனக்குக் கைகொடுத்தது ஒரு பழக்கம்தான். ஃபுளூரினிலிருந்து அயோடின் வரை எது சீராகப் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவேன். அப்புறம் அந்தச் சீர் எங்கே உடைகிறதோ அங்கேதான் நேரம் செலவழிப்பேன். ‘காரணம் கூறுக’ என்ற கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

சீராகப் போவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தனிம வரிசை அட்டவணையில் கீழே போகப் போக அணு ஆரம் கூடும்; அயனியாக்கும் ஆற்றலும் எலக்ட்ரான் கவர்தன்மையும் குறையும். ஃபுளூரினும் குளோரினும் வாயு, புரோமின் செம்பழுப்பு நீர்மம், அயோடின் திண்மம். மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பான வாண்டர் வால்ஸ் விசை கூடுவதே இதற்குக் காரணம்.

இனி உடையும் இடங்கள். எலக்ட்ரான் நாட்டம், அதாவது அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஃபுளூரினுக்குத்தான் அதிகமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் குளோரினுக்கு மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 333தான். மூலக்கூறை இரு அணுக்களாக உடைக்கத் தேவையான பிணைப்பு ஆற்றலை அதே அலகில் பாருங்கள்: குளோரின் 243, புரோமின் 193, அயோடின் 151 என்று அழகாக இறங்குகிறது. முதலில் நிற்க வேண்டிய ஃபுளூரினோ 159. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஃபுளூரின் அணு மிகச் சிறியது. அதன் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. புதிதாக ஓர் எலக்ட்ரான் வந்தால் விலக்குகின்றன. இரண்டு ஃபுளூரின் அணுக்கள் சேர்ந்தாலும் அவற்றின் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிணைப்பை வலுவிழக்கச் செய்கின்றன.

இங்கேதான் நல்ல மாணவர்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள். குளோரினுக்கு எலக்ட்ரான் நாட்டம் அதிகம் என்றால், வலிமையான ஆக்சிஜனேற்றியும் (பிறவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது) குளோரின்தானே? இதற்குப் பதிலைப் படிப்பதைவிடத் தாளில் கூட்டிப் பார்ப்பது மேல். கரைசலில் ஒரு ஹாலைடு அயனி, அதாவது எலக்ட்ரானை ஏற்ற ஹாலஜன் அணு, உருவாக மூன்று படிகள்: மூலக்கூறு பிளவுபட வேண்டும், அணு எலக்ட்ரானை ஏற்க வேண்டும், அயனியை நீர் சூழ வேண்டும். ஓர் அணுவுக்குப் பிணைப்பு ஆற்றலில் பாதிதான் கணக்கு. ஃபுளூரினுக்கு 79 செலவு. எலக்ட்ரான் ஏற்பில் 333, நீரேற்றத்தில் 515 வரவு. நிகரமாக 769 வெளிப்படுகிறது. குளோரினுக்கு 121 செலவு, 349, 381 வரவு, நிகரம் 609. எலக்ட்ரான் நாட்டத்தில் இழந்த 16 எங்கே, மற்ற இரண்டிலும் கிடைத்தது எங்கே! எலக்ட்ரானை ஏற்கும் போக்கைக் காட்டும் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் ஃபுளூரினுக்கு 2.87 வோல்ட், குளோரினுடையது 1.36 வோல்ட் என்பதற்கு இப்போது பொருள் புரியும். புரோமினுக்கும் அயோடினுக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள். நீரேற்ற ஆற்றல் முறையே 347, 305. எலக்ட்ரான் நாட்டம் 325, 296. புரோமைடிலிருந்து புரோமினைக் குளோரின் வெளியேற்றுவதும், குளோரைடிடம் புரோமின் ஒன்றும் செய்ய முடியாததும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

வரலாறும் இதையே சொல்கிறது. வேதியியலாளர் ஷீலே 1774இல் மாங்கனீசு டைஆக்சைடுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தே குளோரினைப் பெற்றுவிட்டார். ஃபுளூரினுக்கோ 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபுளூரைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றி அன்றைய வேதியியலாளர்கள் கையில் இல்லை. நீர்க்கரைசலை மின்னாற்பகுத்தால் ஆக்சிஜன்தான் வரும். அதனால் வேதியியலாளர் மோய்சான் நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃபுளூரைடைக் கரைத்து மின்னாற்பகுத்தார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹைட்ரஜன் ஹாலைடுகளுக்கு வருவோம். விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இங்கேதான். ஹைட்ரஜன் ஃபுளூரைடின் கொதிநிலை சுமார் 19.5 டிகிரி செல்சியஸ். ஹைட்ரஜன் குளோரைடுக்கு மைனஸ் 85. இதற்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு, சரி. ஆனால் நீரில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் ஏன் வலிமை குறைந்தது என்றாலும் பலர் ஹைட்ரஜன் பிணைப்பு என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அங்கே முதலில் எழுத வேண்டியது ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான சகப்பிணைப்பின் வலிமை. அது சுலபமாக உடையாததால் புரோட்டான் சுலபமாக வெளிவராது. கீழே போகப் போக அந்தப் பிணைப்பு வலுவிழப்பதால் ஹைட்ரோஅயோடிக் அமிலமே நான்கிலும் வலியது. வலிமை குறைந்த அமிலம் என்பதால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சாது என்று நினைக்காதீர்கள், கண்ணாடியையே அரிக்கும்.

சோடியம் ஹைட்ராக்சைடுடன் குளோரின் வினைபடுவதை எண் எண்ணாக மனப்பாடம் செய்ய வேண்டாம். குளிர்ந்த நீர்த்த கரைசலில் ஹைப்போகுளோரைட், சூடான அடர் கரைசலில் குளோரேட் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குளோரேட்டில் குளோரினின் ஆக்சிஜனேற்ற நிலை +5. ஒரு குளோரின் 5 எலக்ட்ரான்களை இழக்கிறது என்றால் அவற்றை வாங்க 5 குளோரின் வேண்டும். ஆக மொத்தம் 6 குளோரின் அணு, அதாவது 3 மூலக்கூறு. 5 சோடியம் குளோரைடு, 1 சோடியம் குளோரேட். சோடியத்தை எண்ணினால் 6 சோடியம் ஹைட்ராக்சைடு. சமன்பாடு தானே சமமாகிவிட்டது.

குளிர்ந்த கரைசல் வினையில் அமிலத்தைச் சேர்த்தால் அது திரும்பிப் போகும். குளோரின் வாயு வெளிவரும். பிளீச்சிங் பவுடரிலும் ஹைப்போகுளோரைட் இருக்கிறது; அதையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். பாடத்தோடு சேர்த்து இதை வீட்டிலும் சொல்லுங்கள், மூடிய குளியலறையில் அந்த வாயு உயிருக்கே ஆபத்து.

இரு வேறு ஹாலஜன்கள் சேர்ந்து உருவாகும் ஹாலஜன் இடைச் சேர்மங்களில் அதிக நேரம் போக வேண்டியதில்லை. பெரிய அணு நடுவில், சிறியது சுற்றிலும். ஏழு ஃபுளூரினுக்கு இடம் கொடுக்கும் அளவு பெரியது அயோடின் மட்டுமே. வடிவங்களை மட்டும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு விஷயம். ஹாலைடைக் கண்டறியும் சில்வர் நைட்ரேட் சோதனைக்கு முன் கரைசலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் அந்தக் குளோரைடே வெண்மை வீழ்படிவைக் கொடுத்துவிடும். குளோரைடின் வீழ்படிவு அம்மோனியாவில் நன்றாகக் கரையும். புரோமைடின் வெளிர் மஞ்சள் வீழ்படிவு அரைகுறையாகக் கரையும்.

அடுத்தது குளோரைடைக் கண்டறியும் குரோமைல் குளோரைடு சோதனை. உப்போடு பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் செம்பழுப்பு ஆவி வரும். புரோமைடு இருந்தாலும் அதே நிறத்தில் ஆவி வருமே என்று பதற வேண்டாம். அந்த ஆவியைச் சோடியம் ஹைட்ராக்சைடில் செலுத்துங்கள். குளோரைடாக இருந்தால் கரைசல் மஞ்சளாகும். புரோமின் என்றால் மஞ்சள் வராது. சோதனைக்குழாயை மட்டும் முதலிலேயே நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள், நீர் பட்டால் குரோமைல் குளோரைடு அங்கேயே சிதைந்துவிடும்.