லூயிஸிலிருந்து ஆமெக்ஸ் வாசல் வரை: பை பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது

காலையில் லூயிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, சவுத் டவுன்ஸ் குன்றுகளின் மேல் நடந்து, இங்கிலாந்தின் பிரைட்டன் கால்பந்து அணியின் ஆமெக்ஸ் மைதானத்துக்குள் ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் முன்பாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். இடையில் பஸ் இல்லை, டாக்ஸி இல்லை. முக்கியமாக, வாசலில் என் பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்சில் தோற்றோம். அதைப் பற்றிப் புலம்ப வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் நடையைப் பற்றி எழுதுகிறேன்.

அவே மேட்சோடு, அதாவது நம் அணி வெளியூர் போய் ஆடும் ஆட்டத்தோடு, நடையைச் சேர்ப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை, மேட்சுக்கு மறுநாள் எங்கேனும் போய்ச் சுற்றுவது. அது சுற்றுலா, அதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டாம் வகை, நடையின் கடைசி அடி மைதான வாசலில் விழ வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது. நான் இரண்டாம் கட்சி. குளிர்காலத்தில் வேறு வழியும் கிடையாது. நவம்பர் கடைசியில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது, 3 மணி ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு. நடப்பதென்றால் மேட்சுக்கு முன்புதான்.

அதற்கு சனிக்கிழமை 3 மணி ஆட்டம் கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாகக் காட்டக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இருப்பதால், டிவிக்குத் தேர்வாகும் ஆட்டங்களெல்லாம் 12.30க்கோ 5.30க்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ நகர்ந்துவிடும். 12.30 என்றால் நடைக்கு நேரமே இல்லை. 5.30 என்றால் நடை பிரமாதம், ஆனால் திரும்பும் ரயிலை நினைத்துக்கொண்டே இரண்டாம் பாதியைப் பார்க்க வேண்டும். மலிவு என்று முன்கூட்டியே ரயில் டிக்கெட் எடுத்து வைத்தவர்களுக்கு நேர மாற்ற அறிவிப்பு வரும் நாள் துக்க நாள். அவே டிக்கெட்டுக்காவது பிரீமியர் லீக் 2016-17 பருவத்திலிருந்து 30 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ரயிலுக்கு யார் வைப்பது?

சரி, பைக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் உண்மையான எதிரணி அதுதான்.

பெரும்பாலான பெரிய மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடுவதில்லை. அதாவது 21 சென்டிமீட்டருக்கு 29.7 சென்டிமீட்டர். குளிர்கால நடைக்குத் தேவையானதைப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, மாற்று உள்சட்டை, கையுறை, தலைவிளக்கு, தண்ணீர், சாப்பாடு, வரைபடம். இதற்கு இருபது லிட்டர் முதுகுப்பை வேண்டும். இருபது லிட்டர் பையோடு வாசலுக்குப் போனால் அங்கே நிற்கும் ஊழியர் முடியாது என்று தலையை ஆட்டுவார். போன பருவம் ஒரு மைதானத்தில், ஊர் பெயர் வேண்டாம், பையை வெளியே ஒரு கூடாரத்தில் ஒப்படைக்கச் சொல்லி வரிசையில் நிற்க வைத்தார்கள். நான் இருக்கைக்குப் போவதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. எங்கள் கோல். சிறிய ரயில் நிலையங்களில் பையை வைத்துப் போகும் அறையும் கிடையாது.

கம்புகளை விட்டுவிடுங்கள். நடைக் கம்போடு உள்ளே விடும் மைதானத்தை நான் பார்த்ததில்லை, மடக்கினாலும் அது கம்புதான். ஃபிளாஸ்க்கும் அப்படியே. எஃகு ஃபிளாஸ்க்கைப் பார்த்தால் அவர்கள் முகமே மாறிவிடுகிறது. பியர் கேனை எடுத்துவர நினைப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்று 1985ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

நான் கண்டுபிடித்த வழி: சாமானைக் குறைப்பது அல்ல, வாசலுக்கு முன்னால் சாமானை உடம்பில் ஏற்றிக்கொள்வது. உள்ளங்கைக்குள் மடிந்துவிடும் மெல்லிய நைலான் முதுகுப்பை ஒன்று, ஏ4 அளவுக்கும் சிறிய இடுப்புப்பை ஒன்று. நடக்கும்போது கனமானதெல்லாம் நைலான் பையில். மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, மழைச் சட்டையை மேலே போட்டு, கையுறையையும் தொப்பியையும் அதன் பைகளில் திணித்து, மழைக் கால்சட்டையைக் கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டால், முதுகுப்பை காலியாகிவிடும். அதை மடித்து இடுப்புப்பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான். வாசலில் என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் கொஞ்சம் குண்டான ஆள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு டப்பாவும் ஒரு தொல்லை. சாப்பாடு தீர்ந்த பிறகும் டப்பா அதே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். புளியோதரையை அலுமினியத் தாளில் மடித்து எடுத்துப்போனால் முடிந்ததும் கசக்கிக் குப்பையில் போடலாம். வரைபடத்தையும் அப்படியே விட்டுவர முடிந்தால் நன்றாக இருக்கும், மனசு வராது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஓஎஸ் போடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஓஎல்11 தாள், 1:25,000 அளவு. செல்போனிலும் அதே படம் இருக்கிறது, ஆனால் குளிரில் போன் பேட்டரி இறங்கும் வேகம் தெரிந்தவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள். டிக்கெட்டும் அதே போனில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, இதுதான் என் பெருமை. நான்கு மணி நேரம் நடந்து வியர்த்த சட்டையோடு திறந்தவெளி இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு விறைத்துவிடும். எனவே மாற்றுச் சட்டை கட்டாயம். அந்த மாற்றுச் சட்டை அணியின் ஜெர்சியாகவே இருந்துவிட்டால்? வழி முழுக்க ஈரம் உறிஞ்சும் சாதாரணச் சட்டை, கடைசி நிறுத்தத்தில் உலர்ந்த ஜெர்சி, அதன் மேல் மழைச் சட்டை. ஒரு துணி மிச்சம். என் நண்பன் கேட்டான்: "மச்சான், நீ மேட்ச் பாக்க வர்றியா, இல்ல எவரெஸ்ட் ஏற வர்றியா?" முதல் பாதி முடிவதற்குள் என் கையுறையை இரவல் கேட்டவனும் அவன்தான்.

பை தீர்ந்தால் அடுத்தது சேறு. சவுத் டவுன்ஸ் முழுக்கச் சுண்ணாம்புக் குன்று. ஈரத்தில் அந்தச் சேறு சோப்பு போல வழுக்கும், காய்ந்தால் பூட்ஸில் சிமெண்ட் பூசியது மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த வாரத்தில் வரைபடத்தைவிட வழிக்கம்பத்து அம்புக்குறியின் நிறத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மஞ்சள் அம்பு என்றால் காலால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். குதிரைக் குளம்பு மிதித்துக் குழப்பிய வழியில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது வெறும் கனவு. எங்கே மஞ்சளுக்கும் நீலத்துக்கும் தேர்வு இருக்கிறதோ, கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் மஞ்சளில் போவது லாபம்.

நேரக் கணக்குக்கு இன்னும் நெய்ஸ்மித் விதிதான். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அவர் சேற்றையும் புளியோதரையையும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் விடையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு, 2.15 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். லூயிஸில் 9.45க்குள் நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்று வந்தது.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஸ் ஊரைத் தாண்டி மேற்கே ஏறினால் பழைய குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கம். இந்தச் சரிவுகளில்தான் 1264இல் லூயிஸ் போர் நடந்தது. மூன்றாம் ஹென்றி அரசர் ஊருக்குள் தங்கியிருந்தார், சைமன் டி மான்ட்ஃபோர்ட் குன்றிலிருந்து இறங்கி வந்து அவரை வென்றார். வெளியூர் அணிக்கு நல்ல சகுனம் என்று நினைத்தேன், பலிக்கவில்லை. அங்கிருந்து பிளாக் கேப், அப்புறம் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடுந்தூர நடைவழியில் சேர்ந்து 248 மீட்டர் உயர டிட்ச்லிங் பீக்கன். வடக்கே குன்று சட்டென்று கீழே விழ, வீல்ட் சமவெளி விரிந்து கிடக்கும். சாப்பிட நல்ல இடம், ஆனால் காற்று சாப்பாட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிறகு தெற்கே ஸ்டான்மர் பூங்காவுக்கு நீண்ட, மெதுவான இறக்கம். ஸ்டான்மரில் ஜெர்சி மாற்றம், பை மடிப்பு, கெய்ட்டரை (பூட்ஸுக்கு மேல் கணுக்காலை மூடும் உறை) கழற்றிப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுவது எல்லாம். சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்தால் ஃபால்மர் ரயில் நிலையம், அடுத்தது மைதானம். மொத்தம் பதினான்கு பதினைந்து கிலோமீட்டர்.

அந்த மைதானத்தை எனக்குப் பிடிக்கும். கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1997இல் இழந்து, கில்லிங்ஹாமில் இரவல் மைதானத்தில் ஆடி, பிறகு வித்தீனில் தடகள மைதானத்தில் ஒண்டி இருந்து, 2011இல் இங்கே வந்து சேர்ந்த கிளப் அது. சுண்ணாம்புக் குன்றைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். பூட்ஸில் அதே சுண்ணாம்போடு உள்ளே போவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இதற்கு முந்தைய முயற்சிகளில் என் மனதில் முதலிடம் ஷெஃபீல்டுக்குத்தான். ஹோப் வேலி ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி, பாட்லி பள்ளத்தாக்கில் ஏறி, பர்பேஜ் புல்வெளியைக் கடந்து ரிங்கிங்லோ வந்து, போர்ட்டர் ஓடையைப் பிடித்தால் அது உங்களை எண்ட்கிளிஃப் பூங்கா வரை, கிட்டத்தட்ட நகரத்தின் மடி வரை, மரங்களுக்குள்ளேயே இறக்கிவிடும். மிச்சம் கொஞ்சம் தெரு, பிறகு 1855இலேயே திறந்த பிராமல் லேன் மைதானம். மூர் எனும் மேட்டுப் புதர்நிலத்தில் தொடங்கி மைதானத்தில் முடியும் நடை என்றால் இதை மிஞ்ச ஒன்று இல்லை என்பது என் தீர்ப்பு. ஆனால் அங்கே போனபோது பை பிரச்சினை தீரவில்லை என்பதால் அது முழு வெற்றியாகாது.

பர்ன்லிக்குச் சோம்பேறி வழி ஒன்று உண்டு. லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய்க் கரையில் பிரையர்ஃபீல்டிலிருந்து நடந்தால் ஏற்றமே இல்லை, நெய்ஸ்மித்துக்கு வேலை இல்லை. கால்வாய் ஊருக்கு மேலே கரை கட்டிப் போகிறது, கூரைகளைப் பார்த்தபடி டர்ஃப் மூர் மைதானத்துக்கு வந்துவிடலாம். சுறுசுறுப்பானவர்கள் காலையில் பார்லி கிராமத்திலிருந்து 557 மீட்டர் பெண்டில் குன்றையும் ஏறி இறங்கலாம். மேலே மேகம் உட்கார்ந்திருக்காத நாளாக இருந்தால்.

அடுத்தது போர்ன்மத். திட்டம் தயார். ஸ்வானேஜிலிருந்து கடலோரப் பாறைகள் மேல் ஓல்ட் ஹாரி என்ற சுண்ணாம்புப் பாறை வரை, பிறகு ஸ்டட்லண்ட் மணலில் சவுத் ஹேவன் முனை வரை. 630 மைல் நீள தென்மேற்குக் கடலோர நடைவழியின் ஒரு முனை அதுதான். அங்கிருந்து சங்கிலிப் படகு சில நிமிடத்தில் சாண்ட்பேங்க்ஸில் இறக்கிவிடும். படகு ஏறினால் வாசல் வரை நடந்ததாக ஆகுமா என்று நண்பன் சட்டம் பேசுகிறான். கடலில் நடக்க முடியாதே, செல்லும் என்று முடிவு கட்டிவிட்டேன். சாண்ட்பேங்க்ஸிலிருந்து மைதானம் நல்ல தூரம், அதில் பஸ் ஏறினால்தான் செல்லாது. ஸ்டட்லண்டில் ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கான பகுதி ஒன்று வழியிலேயே இருக்கிறது. வரைபடத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், காகித வரைபடத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

மணல்தான் கவலை. சுண்ணாம்புச் சேறு பூட்ஸுக்கு வெளியே ஒட்டும், மணல் உள்ளே போகும். கெய்ட்டர் போதுமா, இல்லை மாற்றுக் காலுறை எடுக்க வேண்டுமா? காலுறை எடுத்தால் இடுப்புப்பையில் வேறு எதையாவது இறக்க வேண்டும். தலைவிளக்கை இறக்கலாம் என்று பார்க்கிறேன். அதற்கு முன்னால் டிக்கெட் கிடைக்க வேண்டும். அது சிறிய மைதானம், அவே பகுதிக்கு மிகக் குறைவாகத்தான் ஒதுக்குவார்கள், லாயல்டி பாயிண்ட், அதாவது முந்தைய ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்த்த புள்ளிகள், அதிகம் உள்ளவர்களுக்கே முதலில் விற்பனை. என் பாயிண்ட் எல்லைக்கோட்டில் நிற்கிறது. டிவிக்காரர்கள் இன்னும் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை.