கண்ணுக்குள் வாயுக் குமிழி: அளவு தவறினால்

விலகிய விழித்திரையை நிரந்தரமாக ஒட்டவைப்பது அதன் கிழிசலைச் சுற்றி லேசர் உண்டாக்கும் தழும்புதான். அது முதிரும்வரை கிழிசல் வழியே திரவம் புகாமல் அடைத்து நிற்பதே கண்ணுக்குள் செலுத்தும் வாயுக் குமிழியின் வேலை.

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை அகற்றும் அறுவை சிகிச்சை) முடிவில் செலுத்தும் வாயு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றால் சுமார் 20 சதவீதம், பெர்ஃப்ளூரோபுரோப்பேன் என்றால் சுமார் 14 சதவீதம், மீதி காற்று. இந்தக் கலவை விரியாது. கலக்காமல் செலுத்தினால் முன்னது ஏறத்தாழ 2 மடங்கு, பின்னது 4 மடங்கு பெருகும். காரணம் எளிது: இந்த மூலக்கூறுகள் நீரில் அரிதாகவே கரைவதால் மெல்லத்தான் வெளியேறும், ரத்தத்திலுள்ள நைட்ரஜனோ விரைந்து உள்ளே நுழையும். குமிழி இப்படிப் பெருகிக் கண் அழுத்தம் எகிறினால் பார்வையே போகலாம்.

குமிழி மேலே மிதக்கும். ஆகவே தலையை எப்படி வைப்பது என்பதைக் கிழிசல் இருக்கும் இடமே தீர்மானிக்கும். குமிழி கரையும்வரை விமானப் பயணமும், மயக்க மருந்தாக நைட்ரஸ் ஆக்ஸைடும் கூடவே கூடாது; இவையும் குமிழியைப் பெருக்கிவிடும். பல் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.