மல மாற்று ட்ரையலில் சேர நான் பட்ட பாடு

அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலில் புண் வந்து ரத்தம் போகும் நோய்) உள்ளவர்களுக்கு அந்த நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மெசலமைன், ஸ்டீராய்டு, ஸ்டீராய்டைக் குறைத்தால் திரும்ப ரத்தம், மறுபடியும் ஸ்டீராய்டு. இந்தச் சுற்றில் நொந்துபோய்த்தான் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடக்கும் மல மாற்று ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை நம் பெருங்குடலுக்குள் செலுத்துவார்கள். அந்தச் சிகிச்சையைத் தாங்கிவிட்டேன். அதற்கு முன்னால் நின்ற காகிதங்களும் கவுன்டர்களும்தான் என்னைப் பிழிந்து எடுத்தன. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. மதுரை, நெல்லை பக்கமிருந்து போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஸ்கிரீனிங்குக்கு வரச்சொல்லிப் போன் செய்த கோ-ஆர்டினேட்டர், "பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க மேடம்" என்றதோடு வைத்துவிட்டார். ஃபைல் முழுக்க எடுத்துக்கொண்டு பாண்டியனில் போய் இறங்கினேன். (பஸ் வேண்டவே வேண்டாம். டாய்லெட் உள்ள ரயில்தான் நமக்கு.) ஃபைலைப் புரட்டிய டாக்டர் தேடியது நோயை முதன்முதலில் உறுதி செய்த பயாப்ஸி (குடல் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட்டை. என்னிடம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் பயாப்ஸி எடுத்ததாக ஒரு வரி இருந்ததே தவிர, முடிவு என்ன என்று இல்லை. அமீபாவும் குடல் காசநோயும் ஏறக்குறைய இதே மாதிரி புண்ணை உண்டாக்கும், அந்தக் காகிதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார். நியாயமான காரணம். அதைப் போனிலேயே சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

மதுரையில் நான் முதலில் படுத்திருந்த மருத்துவமனையின் ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அந்த டாக்டர் இப்ப இங்க இல்லம்மா. அவரு லெட்டர் இல்லாம தர முடியாது." டாக்டர் ஊரை விட்டே போயிருந்தார். மறுபடி போனபோது லேபில் கேட்கச் சொன்னார்கள். லேபில் ரெக்கார்டு செக்‌ஷனில் கேட்கச் சொன்னார்கள். இடையிடையே பாத்ரூம் எங்கே என்று தேடி ஓடினேன்.

கடைசியில் வழி சொன்னவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா. "வாயால கேட்டா இப்படித்தாம்மா சொல்லுவாங்க. எழுதிக் குடு, சீல் வாங்கிட்டு வா." இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்கினேன். கெடு முடிவதற்குள் அதே கவுன்டரிலிருந்து போன்: "மேடம், ரிப்போர்ட் ரெடியா இருக்கு." யாராவது ரெக்கார்டு கேட்கப் போனால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பிளாக்கையும் (பயாப்ஸி சதை இருக்கும் கண்ணாடித் துண்டும் மெழுகுக் கட்டியும்) சேர்த்துக் கேளுங்கள். சென்னையில் அவர்களுடைய பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்க்க வேண்டும் என்று அடுத்து அதைத்தான் கேட்டார்கள்.

ஒப்புதல் படிவம் அடுத்த தலைவலி. ஆங்கிலத்தில் கத்தையாக ஒன்றை நீட்டி, "தமிழ் காப்பி தீர்ந்துபோச்சு, இதுல சைன் போடுங்க, பின்னாடி மாத்திக்கலாம்" என்றார் கோ-ஆர்டினேட்டர். நான் ஆங்கிலம் படிப்பேன். ஆனால் எனக்கு ஏதாவது ஆனால் பார்க்கப்போவது என் அம்மா. அவர் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்து போட மனம் வரவில்லை. நோயாளிக்குப் புரியும் மொழியில் படிவம் இருக்க வேண்டும், கையெழுத்தான பிரதி ஒன்றை நம்மிடம் கொடுக்க வேண்டும். இரண்டுமே நம் உரிமை. காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் தமிழ்ப் படிவம் வந்தது.

அதைப் படித்த அம்மாவுக்குக் கை நடுங்கியது. "என்னடி இது, எல்ஐசி மாதிரி நாமினி பேரு கேக்குறாங்க?" ஆய்வினால் உயிர் போனால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கேட்கிறார்கள். நான் சொல்லி அம்மா சமாதானமாகவில்லை. தலைமை ஆய்வாளரான டாக்டரே வந்து உட்கார்ந்தார். "அம்மா, மறைக்க மாட்டேன். 2019ல அமெரிக்காவுல ஒரு டோனரோட மலத்துல இருந்து மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமி ரெண்டு பேருக்குப் போச்சு. ஒருத்தர் இறந்துட்டார். டோனரை அந்தக் கிருமிக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணல. இப்ப பண்றோம்." எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், குடல் புழுக்கள் என்று டோனருக்கு எடுக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பலனையும் அவர் ஊதிப் பெரிதாக்கவில்லை. 2017ல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, டம்மி (போலிச் சிகிச்சை) பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கு. டெல்லி எய்ம்ஸ் 2022ல் வெளியிட்ட 66 பேர் ஆய்வில் மல மாற்றையும் உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, வழக்கமான மருந்துச் சிகிச்சை பெற்றவர்களைவிடப் பலன் கூடியிருக்கிறது. "எல்லாருக்கும் கேக்காதும்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா சாட்சிக் கையெழுத்து போட்டார்.

ட்ரையலில் சேருவதற்கு முன் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசின் அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். எண் சொல்லத் தயங்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள்.

என்னை அழவைத்தது மோஷன் சாம்பிள். கிட் கொடுத்து, ஐஸ் பேக்கோடு தெர்மோகோல் டப்பாவில் கொண்டுவரச் சொன்னார்கள். எத்தனை மணி நேரத்துக்குள் என்று சொல்லவில்லை. மதுரையில் எடுத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வண்டி லேட். லேபில் இருந்தவர் மூடியைத் திறந்து, "ஐஸ் உருகிடுச்சு, இது ஆகாது" என்று தள்ளிவிட்டார். வெளியே வந்த பிறகும் நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டே இருக்கும். உறையாமல் கிடந்தால் குடலில் இருந்த கணக்கு மாறிவிடும். இதைப் பின்னால் டாக்டர் விளக்கினார். கிட்டின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டிய தகவல் அது.

அதன் பிறகு முந்தின நாளே தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்கவே எனக்கு நா எழவில்லை. சித்தியே டப்பாவை வாங்கி, இரண்டு கவர் போட்டுக் கட்டி உள்ளே வைத்தார். "உடம்பு சரியாகணும்னா இதுல என்னடி இருக்கு? நாளைக்குத் தொடச்சாப் போச்சு." வெளியூர்க்காரர்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி தங்க வழி பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தம் இல்லையென்றால் கோ-ஆர்டினேட்டரிடம் கேளுங்கள். வார்டிலேயே சாம்பிள் எடுக்க ஏற்பாடு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது.

உணவு டைரியில் ஓட்ஸ், பிரெட், யோகர்ட் என்று கட்டங்கள். இட்லிக்கும் மோருக்கும் நீச்சத்தண்ணிக்கும் இடமே இல்லை. புளிக்கவைத்த உணவு குடல் நுண்ணுயிர்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதை 'மற்றவை' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஒப்பவில்லை. மாவு எத்தனை மணி நேரம் புளித்தது என்பது வரை ஓரத்தில் எழுதினேன். டயட்டீஷியன் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த விசிட்டுக்குள் டைரியில் புதிய கட்டங்களைச் சேர்த்துவிட்டார். அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஸ்கிரீனிங் கோலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) சுலபமாக முடிந்தது. பில்லிங் கவுன்டர்தான் பணம் கட்டாமல் ரிப்போர்ட் தர முடியாது என்றது. ஆய்வுக்கான பரிசோதனைச் செலவு முழுவதும் ஆய்வு நிதியிலிருந்து என்று என் ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தேதி குறித்த பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. தெருமுனை கிளினிக்கில் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதப் போனார். அதைப் போட்டிருந்தால் பல வாரங்கள் தள்ளிப்போயிருக்கும். ட்ரையல் அட்டையைக் காட்டி அதிலிருந்த நம்பருக்குப் பேசச் சொன்னேன். இருவரும் பேசி, ரத்தப் பரிசோதனை பார்த்து, வைரஸ் காய்ச்சல்தான் என்று பாராசிட்டமாலோடு விட்டார்கள். அந்த அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்படும் நிலை என்றால் மட்டும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், ட்ரையல் காத்திருக்கும்.

சிகிச்சை நாளில் குடலைச் சுத்தம் செய்து, கோலனோஸ்கோபி வழியாகத் திரவத்தைச் செலுத்தி, அது உள்ளே நிற்க லோபரமைட் என்ற பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். எனக்குப் போனது டோனருடையதா, நிறமும் வாடையும் சேர்த்த உப்புத் தண்ணீரா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இப்போது ரத்தம் நின்றிருக்கிறது. குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையான கால்ப்ரொடெக்டின் இறங்கியிருக்கிறது. டம்மியிலும் சிலருக்கு இப்படி ஆகும் என்று தெரிந்தே சந்தோஷப்படுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டம்மி விழுந்தவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் உண்மையான சிகிச்சை தருவார்களா? என் படிவத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோ-ஆர்டினேட்டர் தெரியாது என்றார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் முகவரி இருக்கும். அதற்கு மாமா சொன்ன மாதிரியே எழுதி, நகலில் சீல் வாங்கினேன். போன வாரம் பதில் வந்தது. டம்மி பிரிவில் இருந்து நோய் அடங்காத எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாக ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.