ஒன்பது மீட்டர் கேபிள்

ஜனவரி 6
ஸ்பீக்கரில் அந்த ஹம், முனகல் சத்தம், போகவில்லை. அப்பா ஸ்பீக்கரையே அணைக்கச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 8
கூடத்தில் டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), அப்பாவின் அறையில் ஸ்பீக்கர்கள், நடுவே 9 மீட்டர் ஆர்சிஏ கேபிள். இரண்டு முனையும் வேறு வேறு பிளக்கில் எர்த் ஆகின்றன. அதனால் வரும் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அவர் தலைமாட்டிலேயே கிடக்கிறது. பாலன்ஸ்டு லைன் டிரைவர், அதாவது சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பும் சிப், போட்டே ஆகணும்.

ஜனவரி 9
ராத்திரி முழுக்க அந்த மாதிரி சிப்களின் டேட்டாஷீட். எஸ்எஸ்எம்2142 உற்பத்தியிலேயே இல்லை. மிச்சம் டிஆர்வி134, தேட்1646. அவுட்புட்டின் இரண்டு கால்களில் ஒன்றை கிரவுண்டில் கட்டினால் இரண்டுமே மறு காலில் ஈடுகட்டும். ஆனால் அந்த நிலையில் சிக்னல் வரம்பு மீறி கிளிப் ஆனால் 1646 நிதானம் இழக்காது; அதற்கென்றே செய்த சிப். என் ஸ்பீக்கரில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள, பாலன்ஸ்டு) இன்புட், எந்தக் காலும் கிரவுண்ட் ஆகப் போவதில்லை. 134 போதும்.

போதுமா? காலையில் மறுபடி 1646 பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஜனவரி 11
ரிச்சி தெரு. 134 இரண்டு கிடைத்தன. அதற்குள் அம்மாவிடமிருந்து மூன்று போன்.

ஜனவரி 12
சிப்பில் விரல் வைக்க முடியவில்லை. சும்மா இருக்கையில் 5 மில்லியாம்பியர் அளவுதான் இழுக்க வேண்டும், இது 40. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். வெள்ளை எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். இன்னொன்றும் அப்படியே, போலி. ரொம்ப நேரம் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 15
பானை பொங்கியது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார்.

ஜனவரி 16
இத்தனை நாள் தப்பான இடத்தைப் பார்த்திருக்கிறேன். பின் 2-இல் ஒரு சிக்னல், பின் 3-இல் அதன் தலைகீழ், இதுதான் பாலன்ஸ்டு என்று நினைத்திருந்தேன். இரைச்சலை ஒழிப்பது அது இல்லை. வாங்கும் முனை இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே அளவு ஹம் ஏறினால் கழிந்துவிடும். ஒரே அளவு ஏற, இரண்டு காலின் இம்பீடன்ஸும் (மின்தடை மாதிரி) சமமாக இருக்கணும். அவ்வளவே. பின் 3-இல் சிக்னலே வேண்டாம்!

டிஏசியில் 1 கிலோஓம் லோடு கட்டினேன். 2.00 வோல்ட் 1.82 ஆனது. அப்படியென்றால் உள்ளே 100 ஓம். இரட்டைக் கம்பி மைக் கேபிள் எடுத்து, பின் 3 கம்பியை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆர்சிஏ பிளக்கின் வெளி ஓட்டில் சால்டர் செய்தேன். ஷீல்டும் அதே ஓட்டில். மறுமுனையில் பின் 1. இடது பக்கம் மட்டும். நாளை.

ஜனவரி 17
ஒலியளவை முழுக்கத் திருப்பினேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது. ஃபேனையும் நிறுத்தினேன். ஒன்றுமே இல்லை.

"தோடி இருக்காடா?" என்றார் அப்பா.

ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தைப் போட்டேன். பழைய இசைத்தட்டுப் பதிவு, மோனோ. இடது ஸ்பீக்கரே தாராளம். கண்ணை மூடிக்கொண்டு, போர்வை மேல் விரலால் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார்.

ஜனவரி 18
கம்பெனியின் நேரடி விநியோகஸ்தரிடமே 134 ஆர்டர் போட்டேன். ஹம்முக்கு இனி அது தேவையில்லை. ஆனால் 6 டெசிபல் கூடுதலாகத் தரும். நேற்று அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்றார், திருப்ப இடமில்லை.

ஜனவரி 19
ரிப்போர்ட்டை நேரில் வந்து வாங்கச் சொன்னார்கள். நாளை காலை 7 மணிக்குக் கிளம்பணும். வலது பக்கக் கேபிள் பாக்கி. ரெசிஸ்டர் வெட்டி வைத்தாயிற்று, சால்டர்