எருக்கும் ஆவாரையும்: கொல்லைப்புற நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

காவிரிக்குப் போய் வந்த கையோடு, கொல்லையின் மேற்கு ஓரத்தில் ஆவாரை விதைகளை ஊன்றினேன். விதைத்தோல் கெட்டியானது என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். சென்ற ஆண்டு போட்டவற்றில் பிழைத்த இரண்டு செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது கொல்லையில் குரோட்டன்ஸும் புல்தரையும் அடுக்குச் செம்பருத்தியும்தான் இருந்தன. அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால், பார்ப்பதற்கு நிறைவாக இருந்தாலும் வண்டுக்கும் தேனீக்கும் அவற்றில் கிடைப்பது மிகக் குறைவு. சென்ற ஆண்டு கத்தரி பூத்துப் பூத்து உதிர்ந்ததற்கு வெயிலும் ஒரு காரணம்தான் என்றாலும், பூவைத் தேடி ஒரு வண்டுகூட வராத தோட்டம் அது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அதன்பிறகுதான் புல்தரையை எடுத்துவிட்டு, தும்பை, நொச்சி, கிலுகிலுப்பை, ஆவாரை என்று இந்த மண்ணில் தானாக வளரும் செடிகளுக்கு இடம்விடத் தொடங்கினேன்.

2023 ஆகஸ்ட் 19

காலை ஏழு மணிக்குக் கத்தரிச் செடியருகே அமர்ந்திருந்தபோது, வயிற்றில் நீல வரிகள் கொண்ட ஒரு தேனீ வந்தது. இது கூட்டமாக வாழ்ந்து அடை கட்டும் தேனீ அன்று. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கும். கத்தரிப் பூவின் மஞ்சள் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். அந்தத் தேனீ பைகளை மொத்தமாகக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரவைத்தது. பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறி, கீச்சென்று ஒலிக்க, துளை வழியே மகரந்தம் புகைபோல் அதன் வயிற்றில் கொட்டியது. நாம் தேனுக்காக வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவும் இப்படித்தான், அதில் தேனே கிடையாது, அதிரவைக்கத் தெரிந்தவர்களுக்கு மகரந்தம் மட்டும் கிடைக்கும். ஆவாரைக்கு வந்து பழகும் வண்டும் தேனீயும் கத்தரிக்கும் உதவும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

வேலியோரத்தில் நான்கு அடி வெறும் மண்ணைக் கொத்தாமல், மூடாமல் விட்டிருக்கிறேன். அதற்குச் சிமெண்ட் பூசலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

2023 செப்டம்பர் 10

வேலிக்கருகே தானாக முளைத்த எருக்கை வெட்டிவிடும்படி அத்தை பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எருக்கு முளைச்ச வீடுன்னு சாபம்தான் விடுவாங்க, அதைப் போய் தண்ணி ஊத்தி வளர்க்கிறியேம்மா" என்றார். இன்று அந்தச் செடியில் ஒரு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இறங்கி, வயிற்றை வளைத்து, இலையின் அடியில் வெள்ளை முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போனது. எருக்கு போன்ற பால்செடிகளின் இலையைத் தின்றே அதன் புழு வளரும். ஆகவே எருக்கை வெட்டிவிட்டு வண்ணத்துப்பூச்சிக்காகப் பூச்செடி வைப்பதில் பயனில்லை. அத்தையைக் கூட்டிவந்து முட்டையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2023 செப்டம்பர் 18, விநாயகர் சதுர்த்தி

பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்ட, அத்தையே கூடையோடு வந்தார். பறிப்பதற்கு முன் பெரிய கருவண்டு ஒன்று பூவில் அமர்ந்ததால் இருவரும் நின்று பார்த்தோம். எருக்கில் மகரந்தம் பொடியாக இருப்பதில்லை. மெழுகுபோல் இறுகிய சிறு பொதிகள் இரண்டிரண்டாகப் பிணைந்து, பூவின் நடுவிலுள்ள மேட்டின் பிளவுகளில் மறைந்திருக்கும். தேன் குடிக்கும் வண்டின் கால் அந்தப் பிளவில் சிக்கி, இழுத்து விடுபடும்போது பொதியும் கூடவே வந்துவிடும். சிறிய தேனீக்களுக்கு இழுக்கும் வலு போதாது, கருவண்டுக்கு உண்டு. பறந்துபோன வண்டின் காலில் மஞ்சளாக ஏதோ தொங்கியதை என்னைவிட முதலில் கண்டவர் அத்தை.

முட்டையிலிருந்து வந்த புழு இப்போது விரல் நகத்தளவு இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள். முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள். அது இருந்த கிளையை மட்டும் விட்டுவிட்டு, மற்றக் கிளைகளில் பூப்பறித்துக்கொண்டார் அத்தை.

2023 செப்டம்பர் 26

புழு கூட்டுப்புழுவாகிவிட்டது. எருக்கின் குருத்தில் மஞ்சள் அசுவினி மொய்த்திருக்கிறது. மருந்து எதுவும் அடிக்கவில்லை. பொறிவண்டுகள் வந்திருக்கின்றன, அவை பார்த்துக்கொள்ளும்.

2023 அக்டோபர் 4

நேற்று மாலையே கூட்டின் தோல் வழியாக ஆரஞ்சுச் சிறகும் கறுப்பு விளிம்பும் தெரிந்தன. காலையில் நான் வருவதற்குள் வெளிவந்து, கசங்கிய சிறகை உலர்த்திக்கொண்டு காலிக்கூட்டைப் பற்றித் தொங்கியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கிலுகிலுப்பைப் பக்கம் பறந்தது. அங்கே ஏற்கெனவே இரண்டு ஆண் வரியன்கள் காய்ந்த தண்டைச் சுரண்டி உறிஞ்சிக்கொண்டிருந்தன. அந்தச் செடியின் கசப்புச் சத்திலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. அதனால் காய்ந்த கிலுகிலுப்பையை நான் பிடுங்குவதில்லை.

2023 நவம்பர் 12

மழைக்கால இரவுகளில் நீலவரித் தேனீயின் ஆண்கள் துளசியின் காய்ந்த குச்சி ஒன்றை வாயால் கடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தூங்கும். சென்ற வாரம் வரை ஒன்பது எண்ணியிருந்தேன். முந்தாநாள் மாலை தெருவில் கொசுப்புகை அடித்தார்கள். நேற்றும் இன்றும் குச்சி வெறுமையாக இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டெங்கு பரவும் நாளில் புகை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கொசுக்களில் புகையால் சாவது பறப்பவை மட்டுமே. தேங்கிய நீரிலுள்ள புழு சாவதில்லை. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டச் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு வீட்டார் என்னோடு சேர்ந்து கொட்டினார்கள்.

2024 ஜனவரி 14, போகி

காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையும் சிறுபீளையும் கடைத்தெருவில் வாங்கினோம். ஆவாரம்பூ மட்டும் இந்த ஆண்டு எங்கள் கொல்லையிலேயே இருந்தது. பழைய இரண்டு செடிகளும் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகின்றன. ஆடியில் ஊன்றியவற்றில் ஐந்து முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. வெளிக்கிளைகளில் இரண்டு கொத்து மட்டும் ஒடித்தேன். கத்தரியில் பதினோரு காய்கள் தொங்குகின்றன. மாலையில் துளசிக் குச்சியைப் பார்த்தபோது மூன்று தேனீக்கள் கடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன.