பெயர்ப் பலகையில் இல்லாத மகள்கள்: வேலூரில் ஒரு பிராட்வுட் பியானோ

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் வாசகம் இது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடியும் லிங்கம் பிரதிஷ்டை ஆனதோடு கடைசி வரி காலாவதியாகிவிட்டது. மற்றவை இன்றும் செல்லும். வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் நூறு வயதைத் தாண்டிய லண்டன் பியானோ ஒன்று இன்னும் வாசிப்பில் இருக்கிறது என்று பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் அண்ணன் சொன்னார். நான் நம்பாமல் பார்த்ததும், "கூட வாங்க தம்பி, எனக்கும் பை தூக்க ஆள் வேணும்" என்றார். காட்பாடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அவருடைய பையில் இருந்தது கொஞ்சம்தான்: ட்யூனிங் சாவி, ரப்பர் ஆப்புகள், நீளமான ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) பட்டை, ஒரு சுருதிக் கவை, பழைய பல் துலக்கும் பிரஷ். போனில் சுருதி காட்டும் செயலியும் வைத்திருக்கிறார். அதைக் கேட்டால், "அது பக்கத்துல இருக்கட்டும், காதுதான் வேலை செய்யும்" என்கிறார்.

அரக்கோணம் தாண்டி வாலாஜா ரோடு வந்தது. யாரும் தலை தூக்கிப் பார்க்காத ஸ்டேஷன். ஆனால் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் தொடங்கி, இந்த ஆற்காட்டுப் பக்கத்தில்தான் முடிந்தது. அதுவரை சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய எந்தக் கனமான சாமானும் இந்தப் பக்கம் வர மாட்டு வண்டியைத்தான் நம்ப வேண்டும். நாங்கள் பார்க்கப் போகும் பியானோவைச் செய்த பிராட்வுட் கம்பெனிக்கும் 1856 மறக்க முடியாத வருடம். இங்கே ரயில் ஓடத் தொடங்கிய அடுத்த மாதமே லண்டனில் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராணிப்பேட்டை. அதற்கப்பால் ஆம்பூர், வாணியம்பாடி. எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். அண்ணனுக்குத் தோலைப் பார்த்தாலே பேச்சு வந்துவிடும். "பியானோன்னா மரமும் கம்பியும்னு நினைக்கிறாங்க. உள்ள பாதி தோலும் கம்பளியும்தான்." உண்மைதான். விரல் வைக்கும் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி எழுந்து கம்பியை அடிக்கிறது. அந்தச் சுத்தியின் முகத்தில் முதலில் ஒட்டியது தோல். 1826-ல் பாரிசில் ழான் ஆன்ரி பாப் என்பவர் கம்பளி ஃபெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் தோல் மெல்ல மெல்ல விலகியது. சுத்தி திரும்பி விழும்போது பிடித்து நிறுத்தும் மரத்துண்டிலும் சுத்தியின் அடிப்பாகத்திலும் நெடுங்காலம் மான் தோல்தான் இருந்தது.

தோல் என்றதும் எனக்கு லைப்சிக் நகரத்து ப்ளூத்னர் குடும்பம் ஞாபகம் வந்தது. 1936-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலுக்காக அவர்கள் அலுமினியக் கலவையில் ஒரு பியானோ செய்து, மஞ்சள் நிறப் பன்றித் தோலைப் போர்த்தி அனுப்பினார்கள். எடை சுமார் 162 கிலோ. அடுத்த வருடம் கப்பல் எரிந்தபோது பியானோ அதில் இல்லை, முன்பே இறக்கிவிட்டார்கள். அப்படித் தப்பியும் என்ன? போரில் லைப்சிக் மேல் விழுந்த குண்டில் அது அழிந்தது. அண்ணன் இந்தக் கதையை ரசிக்கவில்லை. "பியானோவைப் பறக்க விடணும்னு எவன் அழுதான்?"

காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து, மணல் மட்டும் ஓடும் பாலாற்றைத் தாண்டி, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நீந்தி வீடு போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு, உயரமான கூடம், தடித்த சுவர். பியானோ பிழைத்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சுவர்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மோர் கொடுத்து உட்கார வைத்தார். பியானோ அவருடைய அம்மா வழியில் வந்ததாம். அம்மாவுக்கு அவருடைய அம்மா. "எங்க வீட்ல ஆம்பளைங்க யாரும் இதைத் தொட்டதே இல்ல தம்பி. தூக்கி வைக்கிறதோட சரி."

முன்பலகையைக் கழற்றியதும் அண்ணன் பெருமூச்சு விட்டார். உள்ளே சுத்திகளுக்கு முன்னால் கம்பிக் கம்பியாக ஒரு வரிசை, பறவைக் கூண்டு மாதிரி. ஒலியை அமுக்கும் டேம்பர்களை மேலே வைத்து இப்படிக் கம்பிகளால் இயக்குவது பழைய ஆங்கிலேய நிற்கும் பியானோக்களின் வழக்கம். ஆப்பு செருக இடம் கிடைக்காது என்பதால் ட்யூனர்கள் இதைக் கண்டால் திட்டுவார்கள். 88 இல்லை, 85 கட்டைகள். கம்பிகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகாமல் எல்லாம் நேராக இறங்குகின்றன. அடிச் சத்தக் கம்பிகளில் இரண்டு பச்சை பூத்திருந்தன. ஃபெல்ட்டைப் பூச்சி அங்கங்கே தின்றிருந்தது. இறங்கிய சுருதியில் ஒரு 'ஸ' தட்டிப் பார்த்தார். கூடம் முழுக்க நிறைந்தது.

அவர் வேலையில் இறங்க, நான் மூடியில் பித்தளை எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜான் பிராட்வுட் அண்ட் சன்ஸ். இந்தக் கம்பெனி வளர்ந்தது 'சன்ஸ்' வழியாக மட்டும் இல்லை என்பதுதான் அதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம்.

கதை ஒரு ஸ்விஸ் தச்சுப் பையனிடம் தொடங்குகிறது. பர்காட் ஷூடி 1718-ல் லண்டன் வந்து, 1728 வாக்கில் சொந்தப் பட்டறை போட்டு, ஹார்ப்சிகார்ட் செய்து பேர் வாங்கினார். அது கம்பியைச் சுண்டி ஒலிக்கும் வாத்தியம். மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். 1761-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் பிராட்வுட் என்ற இன்னொரு தச்சர் வேலை தேடி வந்து சேர்ந்தார். கை சுத்தம், தலை தெளிவு. முதலாளியின் மகள் பார்பராவை 1769-ல் கல்யாணம் செய்துகொண்டார், அடுத்த வருடமே தொழிலில் கூட்டாளி. 1773-ல் மாமனார் இறந்தார். மச்சானும் தொழிலில் இருந்தார். ஆனாலும் பட்டறையைத் தூக்கிப் பிடித்தவர் மருமகன்தான். சுண்டுகிற வாத்தியத்தை விட்டு, அடிக்கிற வாத்தியத்தின் பக்கம் அவர் கையைத் திருப்பினார். 1793-க்குப் பிறகு அங்கே ஹார்ப்சிகார்ட் செய்யவே இல்லை. மாமனார் பேர் வாங்கிய சரக்குக்கே மருமகன் மூடுவிழா நடத்திய தைரியம் இது. சொந்த மகனாக இருந்தால் செய்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

பார்பரா 1776-லேயே போய்விட்டார். அவருடைய மகன் ஜேம்ஸ் ஷூடி பிராட்வுட் 1795-ல் கூட்டாளி ஆனபோது பலகையில் 'அண்ட் சன்' ஏறியது. இரண்டாம் தாரத்து மகன் தாமஸ் சேர்ந்ததும் 1808-ல் 'சன்ஸ்'. இந்தத் தாமஸ்தான் 1817 டிசம்பரில் பீத்தோவனுக்குப் பரிசாக ஆறு ஸ்தாயிப் பியானோ ஒன்றை அனுப்பியவர். கப்பலில் திரியெஸ்த் துறைமுகம் வரை, அங்கிருந்து மலை தாண்டி வண்டியில் வியன்னா. பீத்தோவனுக்குக் காது அநேகமாகக் கேட்காத காலம். பிறகு பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் கைக்குப் போய், இப்போது புடாபெஸ்ட் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே வியன்னாவில் பீத்தோவன் நம்பிய பியானோ பட்டறை ஒன்றை நடத்தியவரே ஒரு பெண். ஆக்ஸ்பர்க் நகரத்து ஸ்டைன் என்ற பியானோக்காரரின் மகள் நானெட். அப்பா 1792-ல் இறந்தபின் 1794-ல் தம்பியையும் கணவர் ஸ்ட்ரெய்க்கரையும் கூட்டிக்கொண்டு வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். 1802 முதல் தன் பெயரிலேயே பலகை மாட்டினார், 'நானெட் ஸ்ட்ரெய்க்கர், பிறந்த வீடு ஸ்டைன்' என்று. பிறந்த வீட்டையும் விடவில்லை பாருங்கள். டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தம்மா கெட்டிக்காரி" என்று ஒரே வரியில் முடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு கோட்டைக்குள் ஒரு நடை போய்வந்தேன். 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், எதிரே கோயில் கோபுரம், அகழியில் தண்ணீர் (பாலாற்றில் இல்லாதது இங்கே இருக்கிறது). திரும்பும் வழியில் மனசு 1853 என்ற வருடத்தையே சுற்றியது. அந்த ஒரே வருடத்தில் பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்சிக்கில் ப்ளூத்னர், நியூயார்க்கில் ஸ்டெயின்வே அண்ட் சன்ஸ் என்று மூன்று பெரிய பியானோ வீடுகள் கடை திறந்தன. அதே 1853-ல்தான் இந்தப் பக்கத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் தொடங்கியது. அதுவும் குடும்பத் தொழில்தான், ஒரு வகையில். ஸ்கடர் வீட்டு அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்து தொடங்கியது.

ஸ்டெயின்வே குடும்பம் 1850-ல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போனது. பலகையில் அப்பாவும் மகன்களும். ஆனால் ஆரம்ப நாட்களில் கடையில் நின்று பியானோ விற்றது மகள் டோரெட்டா என்றும், "வாங்கினால் வாசிக்கச் சொல்லித் தர ஆள் இல்லையே" என்று தயங்கியவர்களுக்கு இலவசமாகப் பாடம் எடுத்தே வியாபாரத்தை முடித்தார் என்றும் சொல்வார்கள். ஸ்கடர் வீட்டிலும் அதே கதை. முதல் தலைமுறை ஜான் ஸ்கடரின் ஏழு மகன்களும் மிஷனரிகள். இன்று வேலூரில் ஆட்டோக்காரரிடம் கேட்டால் வருகிற ஒரே பெயர் பேத்தி ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பிரசவத்துக்கு ஆண் டாக்டர் கூடாது என்று மூன்று வீட்டார் மறுத்து, ஒரே இரவில் மூன்று பெண்கள் செத்ததைப் பார்த்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கி, 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். எங்கள் பஸ் நகர முடியாமல் நின்றது அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான்.

வந்து பார்த்தால் அண்ணன் பாதிக் கட்டைகளை முடித்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். இன்றைய வழக்கப்படி சுருதியை 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றவில்லை. "ஏத்தினா கம்பி தெறிக்கும், இல்லன்னா கம்பியைப் பிடிக்கிற பின் நழுவும். பாட்டிக்கு எதுக்கு ஹை ஹீல்ஸ்?"

பிராட்வுட்டின் சரிவும் இந்த இழுவிசையில்தான் இருக்கிறது. கம்பியை இறுக்க இறுக்கச் சத்தம் பெருகும். ஆனால் மரச்சட்டம் தாங்காது. அமெரிக்காக்காரர்கள் முழுச் சட்டத்தையும் ஒரே வார்ப்பு இரும்பில் ஊற்றினார்கள். 1859-ல் ஸ்டெயின்வே அடிச் சத்தக் கம்பிகளைக் குறுக்கே போட்டு, படுக்கை வாட்டில் இருக்கும் கிராண்ட் பியானோவுக்கே காப்புரிமை வாங்கியது. 1867 பாரிஸ் கண்காட்சியில் அவர்கள் தங்கப் பதக்கத்தோடு போனார்கள். பிராட்வுட்டும் சும்மா இருக்கவில்லை, சட்டத்துக்கு இரும்புப் பட்டைகளும் தகடுகளும் முன்பே சேர்த்திருந்தது. ஆனால் கம்பியைக் குறுக்கே போடுவதில் பல ஆண்டுகள் மனசு வரவில்லை. நேர்க்கம்பியின் தெளிவு போய்விடும் என்பது அவர்கள் வாதம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் அந்த வாதம் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கிறது. ஆனால் பெரிய அரங்கங்கள் கட்டத் தொடங்கிய காலத்தில் தெளிவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? மாமனார் சரக்கை மூடிய மருமகனின் துணிச்சல் பேரன்களுக்கு இல்லை. 1901-ல் லிமிடெட் கம்பெனி ஆக்கினார்கள். குடும்பத்தின் கடைசிப் பெரிய ஆள் கேப்டன் எவலின் பிராட்வுட் 1975-ல் இறந்தார். வாரிசு இல்லை. பெயர் இன்னும் ஓடுகிறது, குடும்பம் இல்லாமல்.

எங்கள் ஊர் வெயிலுக்கு அன்றைய கம்பெனிகள் தனியாகப் பியானோ செய்து விளம்பரமே கொடுத்தன. பிராணித் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரப் பசை இங்கே மழையில் இளகும், வெயிலில் வெடிக்கும். அதனால் பசையோடு திருகாணியும் போட்டார்கள். டீச்சரம்மா வீட்டுப் பியானோவில் சில மூட்டுகளில் பித்தளைத் திருகாணி தலை காட்டியது. அண்ணன் அதைத் துணியால் துடைத்துவிட்டு, "இதாலதான் இது இன்னும் நிக்குது" என்றார். கோடையில் பியானோ அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னார். வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொன்னார். எந்தக் கட்டை இறுகினாலும் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது என்று மூன்று தரம் சொன்னார். யாரோ முன்பு விட்டிருக்கிறார்கள் போல.

பச்சை பூத்த இரண்டு கம்பிகளையும் அளவெடுத்துக்கொண்டார். அடிச் சத்தக் கம்பிகள் செம்பு சுற்றியவை, கடையில் தயாராகக் கிடைக்காது, அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். ஐப்பசி மழை முடிந்து மரம் காய்ந்த பிறகு, தை மாதத்தில் வந்து போடுவதாகப் பேச்சு. அட்வான்ஸ் வாங்க மறுத்துவிட்டார். காட்பாடியில் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆற்காடு மக்கன் பேடா எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அண்ணன் மூன்று பேரிடம் விசாரித்தார். மூன்று பேரும் மூன்று கடை சொன்னார்கள்.