ஊட்டி உறைபனியும் வானத்துக்குப் போகும் வெப்பமும்

டிசம்பர், ஜனவரி வந்தால் போதும், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் படம் எல்லாச் செய்திகளிலும் வந்துவிடும். குளிர் எங்கிருந்தோ வந்து இறங்கியது போலத்தான் எழுதுவார்கள். உண்மையில் தரையில் இருந்த வெப்பம் போய்விடுகிறது, அதுவும் நேராக வானத்துக்கு.

பகலில் வெயில் வாங்கிய தரை, ராத்திரி முழுக்க அதை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொண்டு, தன் பங்குக்குக் கீழேயும் கொஞ்சம் அனுப்பும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் செய்வது அதையேதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவில், 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில், தலைக்கு மேல் நீராவியே குறைவு என்பதால் செலவு அதிகம், வரவு சொற்பம். வானிலைக் கருவி 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். கருவி தரைக்குச் சில அடி மேலே பெட்டிக்குள் இருக்கிறது, புல்லோ வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது.

விடிகாலையில் அங்கே நிறுத்தியிருக்கும் காரைச் சுற்றிப் பாருங்கள். கூரையும் முன் கண்ணாடியும் வெள்ளை பூத்திருக்கும், பக்கக் கண்ணாடியில் பெரும்பாலும் ஈரம் மட்டும்தான். மரத்தடியில் நின்ற காரில் கூரைகூடத் தப்பித்திருக்கும், ஏனென்றால் கிளைகள் வானத்தைவிட வெதுவெதுப்பானவை.

அப்புறம், குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி அதிகம் பிடிப்பதற்கும், மேட்டுத் தேயிலை தப்பிப் பள்ளத்துத் தேயிலை கருகுவதற்கும் இதுதான் காரணம். செடி மேல் தழை பரப்பி மூடுகிறார்களே, அது செடிக்கும் வானத்துக்கும் நடுவே போடும் மறைப்பு.

பூமி முழுவதற்கும் இதே கணக்குத்தான். சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட் வெயில் வருகிறது, 100 வாட் அப்படியே திரும்பிவிடுகிறது, மிச்சம் 240 கதிராக வெளியே போயாக வேண்டும். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் இல்லையென்றால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரியாக இருக்கும்; இருப்பதோ சுமார் 15. பள்ளியில் இதைக் கண்ணாடி வீட்டுப் படம் போட்டு விளக்குகிறார்கள். ஊட்டியில் மேகம் மூடிய ஓர் இரவையும் தெளிந்த ஓர் இரவையும் ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பூமிக்கு இப்போது நடப்பதும் மேகம் மூடிய இரவின் கதைதான்: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 ஆக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது, வருவதைவிடப் போவது குறைந்துவிட்டது, அப்படி மிஞ்சும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.